வெறுந்துவக்கு என்று ஒன்றில்லை



வழமையாக இந்த மடலில் வருமான வரிப் படிவம், வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு என்று எழுதுகிற கணக்காளன் நான். இந்த மாதம் துவக்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சென்ற மாத வானொலி உரையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இன்றும் இடியன் துவக்கால் மான் வேட்டையாடுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வசனம் சொன்னேன். உரை முடிந்த பிறகு கலையகத்துக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வசனத்தைப் பற்றியவைதான். "எங்கட இடியனோ?" என்று கேட்டார் ஒரு ஐயா. "பிள்ளை வேட்டைப் பயிற்சிக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான், விடலாமோ தம்பி?" என்று கேட்டார் ஒரு தாய். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

இடியனும் அதன் உறவினரும்

முதலில் ஐயாவின் கேள்வி. வன்னியில் இருந்தவர்களுக்கு இடியனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குழலின் வாய்ப்பக்கத்தால் மருந்தைப் போட்டு, தும்பு வைத்து, கோலால் இடித்து, சன்னங்களைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிப்பதால் அதற்கு அந்தப் பெயர். பின்பக்கத்தில் உள்ள சிறு முலையில் ஒரு செப்புத் தொப்பியை வைத்து, குதிரை அதன்மேல் விழும்போது பற்றிக்கொள்ளும்.

பென்சில்வேனியாவில் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு தொடங்கும் வேட்டைப் பருவத்தில் பாவிக்கப்படுவது இதற்கு ஒரு தலைமுறை மூத்தது. அதில் தொப்பி கிடையாது. குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் கல் ஓர் உருக்குத் தகட்டை உரசிக்கொண்டு விழும். உருக்கில் இருந்து சீவப்பட்ட துகள்கள் எரிந்து பொறியாகி, கீழே உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ குழலின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு துவாரத்தால் உள்ளே போய்ப் பிரதான மருந்தைப் பற்றவைக்கும். இந்தப் பொறிமுறை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தைக்கொண்டு பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பறவை வேட்டைப் பிரியர். கிண்ணத்தில் எழும் வெளிச்சத்தைக் கண்டே பறவைகள் எழும்பிப் பறந்துவிடுகின்றன என்பதுதான் அவருடைய கவலை. அந்த வழியில் வந்ததுதான் செப்புத் தொப்பி. ஆகவே ஐயா, அது எங்கட இடியன் இல்லை. இடியனின் பேரன் என்று சொல்லலாம், இல்லை, பேரனார் என்று சொல்ல வேண்டும்!

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எங்கள் இடியனின் குழல் உள்ளே வழுவழுப்பானது. பென்சில்வேனியாத் துவக்கின் குழலுக்குள் திருகாணி போல் புரி வெட்டப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் இருந்தும் சுவிற்சர்லாந்தில் இருந்தும் வந்து லங்காஸ்ரர் பகுதியில் குடியேறிய துவக்குக் கம்மியர்கள், தங்கள் நாட்டுக் கட்டையான வேட்டைத் துவக்கை 40 அங்குலத்துக்கும் மேற்பட்ட நீண்ட, ஒடுங்கிய குழலாக மாற்றினார்கள். ஈயமும் மருந்தும் விலை கூடிய காட்டு வாழ்க்கையில் சிறிய குண்டு சிக்கனமானது. பின்னாளில் இதற்குக் கென்ரக்கி றைபிள் என்று பெயர் வந்தாலும் பிறந்த இடம் பென்சில்வேனியாதான்.

இன்றும் ஏன் இந்த வேட்டை?

நியாயமான கேள்வி. 1900ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியாவில் மான் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. கட்டுப்பாடற்ற வேட்டையும் காடழிப்பும் காரணம். 1895இல் உருவாக்கப்பட்ட மாநில வேட்டை ஆணைக்குழு, 1906 முதல் பிற மாநிலங்களில் இருந்து வெள்ளைவால் மான்களைக் கொண்டுவந்து விட்டது. ஓநாயும் மலைச்சிங்கமும் ஏற்கெனவே அற்றுப்போன காட்டில் மான் பெருகியது. பெருகிய மான் இளம் மரக்கன்றுகளை மேய்ந்துவிட்டால் காடு தன்னைப் புதுப்பிக்க முடியாது. வீதி விபத்துகளும் கூடும். ஆகவே பகுதி பகுதியாக எத்தனை மான் சுடலாம் என்று ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். 2023-24 பருவத்தில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்பட்டன.

இதில் சிக்கிமுக்கித் துவக்குக்கென்று தனிப் பருவம் 1974இல் தொடங்கியது. டிசெம்பர் 26 அளவில் தொடங்கி ஜனவரிக்குள் நீளும். ஒற்றைக் குழல், சிக்கிமுக்கிப் பொறி, .44 அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம், தொலைநோக்கி பூட்டக்கூடாது என்பன விதிகள். ஒக்ரோபரில் நடக்கும் வேறொரு பருவத்தில் புதுப் பாணி வாய்த்துவக்குகளுக்கும் இடமுண்டு. குளிர்காலப் பருவத்தில் மட்டும் கல்லும் உருக்கும்தான்.

ஒரு வெடிக்கு எத்தனை வேலை

என் தங்கச்சி குடும்பம் பென்சில்வேனியாவில் இருக்கிறது. சென்ற ஆண்டு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்து போயிருந்தேன். என் மருமகனுக்கு 19 வயது. பக்கத்துத் தோட்டத்து முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், அவனை இந்த வேட்டைக்குப் பழக்கியிருந்தார். மருமகன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சித்தியடைந்து, அனுமதிப் பத்திரமும் எடுத்திருந்தான். வேட்டைக்கு முதல்நாள் முதியவர் தன் தோட்டத்து மண்மேட்டை இலக்காக வைத்து அவனைச் சுடப் பழக்கியதை நின்று பார்த்தேன். அவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இது.

முதலில் குழல் வெறுமையா என்று கோலை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது கரிமருந்தின் பழைய கணக்கு. அரை அங்குல விட்டமுள்ள அந்தத் துவக்குக்கு அவர் போட்டது 80 கிறெயின், அதாவது ஐந்து கிராமுக்குச் சற்று மேல். மருந்துக் கொம்பில் இருந்து நேரே குழலுக்குள் ஊற்றக்கூடாது. முந்திய வெடியின் நெருப்புத் துணுக்கு உள்ளே கிடந்தால் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். அளவுக் குவளையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தை இதில் ஒருபோதும் போடக்கூடாது. அதன் அமுக்கத்தை இந்தக் குழல் தாங்காது.

அடுத்து, கொழுப்புப் பூசிய ஒரு துண்டுப் பருத்தித் துணியில் ஈயக் குண்டை வைத்து அழுத்துவது. குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. துணிதான் புரியைப் பற்றிக் குண்டைச் சுழற்றும். குண்டு மருந்தின்மேல் இறுக்கமாக உட்காரும்வரை கோலால் தள்ள வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கும், அல்லது வெடித்துப் பிளக்கும். கடைசியாகத்தான் கிண்ணத்துக்கு மருந்து.

இத்தனையும் செய்தால் கிடைப்பது ஒரே ஒரு வெடி. உருண்டைக் குண்டு 100 யார் போவதற்குள் தன் வேகத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். ஆகவே பொறுப்பான வேட்டைக்காரர் மிகக் கிட்ட வரும்வரை காத்திருப்பார். விசையை இழுத்ததற்கும் வெடி தீர்வதற்கும் இடையில் ஒரு கண நேரத் தாமதம் உண்டு. அந்தக் கணத்தில் தோள் அசைந்தால் மான் காயத்தோடு ஓடும். சுட்டதும் வெண்புகை கண்ணை மறைக்கும். மான் நின்ற இடத்தை நினைவில் குறித்துக்கொண்டு, மறுபடி மருந்து நிரப்பி, அரை மணித்தியாலமளவு பொறுத்து, பிறகுதான் இரத்தச் சுவட்டைத் தேடிப் போக வேண்டும். உடனே துரத்தினால் காயப்பட்ட மான் தொலைதூரம் ஓடி வீணாகச் சாகும். மாலையில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு குழலைக் கழுவ வேண்டும். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்.

அந்த இரவு

வேட்டை நாளன்று ஆலங்கட்டி கலந்த மழை. இருட்டிய பிறகு மருமகன் வெறுங்கையோடு வந்தான். ஒரு மான் 40 யாருக்குள் வந்து நின்றதாம். விசையை இழுத்திருக்கிறான். கிண்ணத்து மருந்து மட்டும் "புஸ்" என்று எரிந்து அணைந்துவிட்டது. உள்ளே தீ போகவில்லை. மான் போய்விட்டது. துவக்கை ஒரு நிமிடத்துக்கு மேல் மண்மேட்டுப் பக்கமாகவே பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னான். தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம் என்பதால் அப்படித்தான் செய்ய வேண்டும். சரியாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சி.

சாப்பிட்டுவிட்டுக் கராஜுக்குள் ஏதோ எடுக்கப் போனேன். துவக்கு சுவரோடு சாத்தியபடி நிற்கிறது. குளிரில் இருந்து சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், மருந்து நனையும், ஆகவே அங்கே வைத்தானாம். பக்கத்தில் தங்கச்சியின் கடைக்குட்டி, பத்து வயது, தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதுக்குள்ள மருந்து கிடக்கோ?" என்று கேட்டேன்.

"அது அன்லோடட் மாமா. கிண்ணத்தில புதுசாப் போட்ட மருந்தைத் தட்டிப்போட்டன். சட்டமும் அப்பிடித்தான்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஏனென்றால் அதே வசனத்தை நான் ஒன்பது வயதில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் என் பெரியப்பா வாயால் கேட்டிருக்கிறேன். பன்றிக் காவலுக்கு வைத்திருந்த இடியனை மழைக்குக் கொண்டுவந்து வளையில் தொங்கவிட்டு, "தொப்பியைக் கழட்டிப்போட்டன், இனி அது வெறுந்துவக்கு" என்றார். ஒரு கிழமைக்குப் பிறகு பெரியண்ணன் சத்தம் காட்டி விளையாட ஒரு தொப்பியை எடுத்து வைத்தார். வெறுந்துவக்கு என்றுதான் அவரும் நம்பினார். சின்னக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. சன்னங்கள் முழங்காலில். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. 2009இல் அந்த நொண்டிக் காலோடுதான் சின்னக்கா வட்டுவாகல் பாலத்தைக் கடந்து நடந்தா.

முதியவருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். பத்து நிமிடத்தில் வந்தார். கோலைக் குழலுக்குள் விட்டு எங்களுக்குக் காட்டினார். அந்தக் கோலில் இரண்டு கோடுகள் வெட்டியிருக்கிறார். வெறுமையான குழல் என்றால் மேற்கோடும், மருந்தும் குண்டும் இருந்தால் கீழ்க்கோடும் என்று பிரித்துப் பார்க்க. அன்று வாயளவில் நின்றது மருந்து இருப்பதைச் சொல்லும் கோடு. பிறகு ஒரு சிறு வாயுக் கருவியைப் பக்கத்துத் துவாரத்தில் பொருத்தி அழுத்தினார். துணியோடு குண்டும், ஈரமான கரிமருந்தும் மண்மூடையில் வந்து விழுந்தன. பெடியன் வீட்டுக்குக் கொண்டுபோக முன்னமே இதைச் செய்திருக்க வேண்டும், பிழை தன்னுடையது என்று அந்த மனிதர் என்னிடமும் தங்கச்சியிடமும் மன்னிப்புக் கேட்டார். மருமகன் ஒன்றும் பேசாமல் அந்த ஈயக் குண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டத்தின் சொல்லும் குழலின் உண்மையும்

இங்கேதான் கணக்காளன் மூளை வேலை செய்தது. பென்சில்வேனியாவின் வேட்டை விதிப்படி, கிண்ணத்து மருந்தை அகற்றினாலே சிக்கிமுக்கித் துவக்கு "நிரப்பப்படாதது". தொப்பி வகையில் தொப்பியைக் கழற்றினால் போதும். எங்கள் ஒன்ராறியோ வேட்டை விதியும் கிட்டத்தட்ட அதே மாதிரி. மருந்தும் குண்டும் குழலில் இருந்தாலும், தொப்பி வைக்காவிட்டால், அல்லது சிக்கிமுக்கித் துவக்கின் பக்கத் துவாரம் அடைக்கப்பட்டிருந்தால், அது நிரப்பிய துவக்காகக் கொள்ளப்படாது. இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை வாகனத்தில் ஏறும்போதும் வெடி தீர்த்து வெறுமையாக்கச் சொன்னால் நடைமுறைக்கு ஒவ்வாது. அந்த விதி காட்டில் இருந்து காட்டுக்குப் போகிறவருக்காக எழுதப்பட்டது.

வீட்டுக்கு அது பொருந்தாது. கனடாவின் மத்திய விதிகள், வீட்டில் வைக்கும் துவக்கு உண்மையிலேயே வெறுமையாக இருக்க வேண்டும் என்கின்றன. இது பழங்காலத் துவக்குகளுக்கும் பொருந்தும். மருந்து இருக்கும் வாய்த்துவக்கைத் தொப்பியை அல்லது கல்லைக் கழற்றிய பிறகு கொண்டுசெல்ல அனுமதிப்பதும், ஒரு வேட்டையிடத்தில் இருந்து இன்னொரு வேட்டையிடத்துக்கு மட்டும்தான்.

கணக்கியல் படித்தவர்களுக்கு இது விளங்கும். பேரேட்டில் மீதி பூச்சியம் என்று எழுதியிருக்கலாம். களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால் சரக்குக் கிடக்கும். ஆகவேதான் ஆண்டு முடிவில் ஏட்டை நம்பாமல் நேரே போய் எண்ணுகிறோம். துவக்கிலும் அப்படித்தான். சட்டம் சொல்வது ஏட்டு மீதி. கோல் சொல்வது கையிருப்பு.

தொப்பி இல்லாத இடியன் வெடிக்கத் தேவை ஒரு தொப்பி மட்டுமே. சிக்கிமுக்கித் துவக்குக்கோ அதுகூட வேண்டாம். குதிரை விழும்போது ஒரு பொறி நேரே துவாரத்துக்குள் போகக்கூடும். குழலில் உள்ள மருந்து கொஞ்சம் கசிந்து கிண்ணத்துக்கு வரவும் கூடும். இந்த மருந்து நாள்பட்டதால் செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஈரம் படாத கரிமருந்து ஆண்டுக்கணக்காக உயிரோடிருக்கும்.

விடலாமா, வேண்டாமா?

இனி அந்தத் தாயின் கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஊருக்குப் போய் மான் சுடலாம் என்பதற்கான கட்டுரை அல்ல. அங்கே மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இங்கே வேட்டை என்பது பயிற்சியும், பத்திரமும், பருவமும், எண்ணிக்கையும் உள்ள ஒரு காரியம். பிடிக்காதவர்கள் தாராளமாக விலகியிருக்கலாம். மரக்கறி மட்டும் சாப்பிடும் குடும்பங்கள் எங்களிடையே நிறைய உண்டு.

ஆனால் பிள்ளை போகப்போகிறேன் என்றால், "துவக்கெண்ட சொல்லே இந்த வீட்டில வேண்டாம்" என்று வாயை அடைப்பதில் பயனில்லை என்பது என் அனுபவம். நாங்கள் எதைக் கண்டு வந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருக்கிறோம். பேசாததால் பிள்ளை துவக்கைப் பற்றி வகுப்பில் மட்டும் படிக்கிறான், சின்னக்காவின் முழங்காலைப் பற்றி அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானே அன்றிரவுதான் மருமகனுக்குச் சொன்னேன். 19 ஆண்டுகளாக அவன் தன் பெரியம்மா ஏன் நொண்டுகிறா என்று கேட்டதில்லை. சண்டைக்காயம் என்று நினைத்திருந்தானாம்.

ஆகவே விடுங்கள், ஆனால் இவற்றைக் கேட்டு விடுங்கள்.

1. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தாயிற்றா, பத்திரம் உண்டா, கூடப் போகிற பெரியவர் யார்?

2. துவக்கின் கோலில் வெறுமைக் கோடு வெட்டியிருக்கிறதா? வீட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

3. மருந்து எடுபடாமல் குழலில் நின்றுவிட்டால் அதை எடுக்கும் கருவி கைவசம் உண்டா? "நாளைக்கும் போகிறோம்தானே" என்று நிரப்பியபடி வைக்க வேண்டாம்.

4. துவக்கு பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். மருந்தும் தொப்பியும் வேறிடத்தில், நெருப்புக்கும் சூட்டுக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

5. ஊரில் இருந்து வந்த பொருள், பழைய சாமான் சந்தையில் வாங்கிய அலங்காரப் பொருள் என்று சுவரில் தொங்கும் வாய்த்துவக்கு உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். கடைசியாகச் சுட்டவர் வெறுமையாக்கிவிட்டுத்தான் செத்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

மருமகன் ஜனவரியில் மறுபடி போனான். மான் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோலைக் குழலுக்குள் விட்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினான். வாயளவில் மேற்கோடு. கீழே "மாமா, ஸ்ரொக் நில்" என்று எழுதியிருந்தான். கணக்காளனின் மருமகன் அல்லவா! அந்தப் படத்தைச் சின்னக்காவுக்கும் அனுப்பினேன்.

அடுத்த மாதம் வழக்கம்போல் வரிப் படிவத்தோடு சந்திப்போம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு துவக்கின் கதை இருந்தால், முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு கலையகத்துக்கு அழைத்து எங்களுக்கும் சொல்லுங்கள்.